பனை உச்சியில் ஒரு கலயம்

கள்ளுக்கு ஆலையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். திண்டுக்கல் சமவெளியில் நிற்கும் பனையில் ஒரு மண்கலயம் கட்டினால் போதும். பனையேறி காலையும் மாலையும் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிடுவார். சொட்டும் சாற்றில் இயற்கையான ஈஸ்ட் சேர, சில மணி நேரத்தில் நுரை கட்டிவிடும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் அதே சாறு புளிக்காது, பதநீர். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது இந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான்!

1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிறகு தளர்வுகள் வந்து போயின. 1987 முதல் தமிழகத்தில் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைகளுக்கு உரிமமே உண்டு. இத்தனைக்கும் பனை தமிழகத்தின் மாநில மரம்.

கோடையில் வருபவர்கள் பதநீரைப் பனையோலைப் பட்டையில் வாங்கி, நுங்கு போட்டு, காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் ருசி மாறிவிடும்.