தபாலில் வரும் அடைமுட்டைகள்

நல்ல ஜாதிக் கோழிகளை விருத்தி செய்ய விரும்பும் மிராசுதாரர்கள் பலர், தூரப் பிரதேசங்களிலிருந்து அடைமுட்டைகளைத் தபாலிலும் பார்சலிலும் தருவிக்கின்றனர். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா ஜில்லாவின் கடக்நாத் என்னும் கருங்கோழியின் முட்டைகள் இவ்வாறு வருவனவற்றுள் ஒன்று. கோழியையே தருவிப்பதைவிட இதில் செலவு குறைவுதான். ஆயினும் வந்த முட்டைகளில் ஏறக்குறையப் பாதியே பொரிவது சாதாரணம். மீதிக்கு அனுப்பியவரைப் பழிப்பது வழக்கமாயிருக்கிறது. பல சமயங்களில் குற்றம் அவரிடம் இராது. பிரயாணத்திலும், பெட்டி வந்துசேர்ந்த முதல் நாளிலுமே கேடு நேருகிறது.

முட்டையின் பருத்த முனையில், இரண்டு சவ்வுகளுக்கு நடுவே காற்றறை ஒன்று உண்டு. குஞ்சு ஓட்டை உடைக்குமுன் இவ்வறைக்குள் அலகை நுழைத்தே முதல் மூச்சு வாங்குகிறது. வண்டியில் ஏற்றி இறக்கும் அதிர்ச்சியால் உட்சவ்வு பெயர்ந்துவிட்டால், காற்று ஓரிடத்தில் நில்லாது, கொத்தரின் ரசமட்டத்துக் குமிழிபோல் அங்குமிங்கும் ஓடும். இருட்டறையில் டார்ச் விளக்கைப் பருத்த முனையில் பிடித்துப் பார்த்தால் இது நன்கு புலப்படும்.

ஆகையால், பெட்டியைப் பிரித்ததும் கீறல் விட்டவற்றை நீக்கி, ஏனையவற்றைப் பருத்த முனை மேலாக அட்டைத் தட்டில் நிறுத்தி, குளிர்ந்த அறையில் 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் வைத்தல் வேண்டும். அடைக்கோழி காத்திருக்கிறதே என்று அவசரப்படுதல் தகாது. பெட்டி சில்லென்றிருந்தால் அறையின் உஷ்ணத்தை அடையுமுன் திறத்தலாகாது. முட்டை வியர்த்தால் அந்த ஈரத்தோடு கிருமிகள் ஓட்டின் நுண்துளைகள் வழியே உட்புகும். கழுவுதலும் ஈரத்துணியால் துடைத்தலும் அறவே கூடா.

அதிர்ச்சிக்கு அடுத்த பகை உஷ்ணம். அடைமுட்டை 13 முதல் 18 டிகிரி சென்டிகிரேடில் இருப்பது உத்தமம். 27 டிகிரிக்கு மேற்பட்டால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின்பு மடியக்கூடும். அக்கினி நட்சத்திர காலத்தில் முட்டை தருவிப்பது பணத்தை வெயிலில் காயவைப்பதற்கு ஒப்பாகும். சனிக்கிழமை அனுப்பிய பெட்டி ஞாயிறு முழுவதும் தங்கிவிடுமாதலால், வார ஆரம்பத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்க. முட்டை இட்ட 7 நாட்களுக்குள் அடைக்குச் சென்றுவிட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

காற்றறை உறுதியாயுள்ளவற்றைப் பத்துப் பன்னிரண்டாக நாட்டு அடைக்கோழியின் கீழ் இரவில் வைக்கலாம். பெயர்ந்தவற்றைக் கோழி புரட்டிவிடுமாதலால், அவற்றைப் பொரிப்பு யந்திரத்தில் நிறுத்திவைப்பதே நலம். விசிறியுள்ள யந்திரத்தில் 37.5 டிகிரியும், விசிறியில்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் ஏறக்குறைய 38.5 டிகிரியும் இருத்தல் வேண்டும். முதலிரண்டு நாள் திருப்பாதிருந்து, பின்பு 18ஆம் நாள் வரை தட்டை இருபுறமும் மாறிமாறிச் சாய்த்து வருக. இரண்டு நாளுக்கு மேல் திருப்பாது விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. காற்றின் ஈரம் முதலில் நூற்றுக்கு 50 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 70 இருக்கட்டும்.

ஒரு யோசனை. தபால் முட்டைகளுடன் சொந்தக் கோழியின் முட்டைகள் ஆறேழையும் பென்சிலால் குறியிட்டு யந்திரத்தில் வைக்கவும். அவை நன்கு பொரிந்து தபால் முட்டைகள் மட்டும் கெட்டால் யந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டுவதில்லை. இரண்டும் கெட்டால் தெர்மாமீட்டரை முதலில் சோதிக்கவும். 7ஆம் நாள் விளக்கில் பார்க்கையில் ரத்த வளையம் தோன்றினால், அம்முட்டை கருக்கொண்டு பின்னர் மடிந்ததாகும். அனுப்பியவரின் சேவலைக் குறைகூற அதில் இடமில்லை. ஒன்றுமின்றித் தெளிவாகத் தோன்றுவதெல்லாம் கருக்கொள்ளாத கூமுட்டை என்று தீர்மானித்துவிடவும் கூடாது. வழியிலேயே மடிந்த கருவும் அவ்வாறே தோன்றும். பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தகராறு செய்வோரும், அதைத் தீர்த்துவைக்கும் கிராம அதிகாரிகளும் இதை அறிந்திருத்தல் நலம்.

21ஆம் நாள் கடந்ததென்று பொரியாதவற்றை எறிந்துவிட வேண்டாம். பிரயாணத்தில் அலைந்த முட்டைகள் ஓரிரு நாள் தாமதித்துப் பொரிவதுண்டு. 23ஆம் நாள் முடியும்வரை யந்திரத்தை நிறுத்தாதிருக்கவும்.