குதிர் நிறையாத இதயம்

இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடும் ஒருவகைப் படபடப்புக்கு, பெரியவர்களுக்கு வெராபமில் என்ற மருந்தை ஊசியாகப் போடுவதுண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைப் போடக் கூடாது என்பது குழந்தை இதய மருத்துவத்தின் பாலபாடம். போட்ட சில குழந்தைகளுக்கு இரத்த அழுத்தம் சரிந்து இதயமே ஓய்ந்துபோனது 1980களில் பதிவாகியிருக்கிறது. அளவைக் குறைத்துப் போட்டால் என்ன என்று தோன்றும். சிக்கல் அளவில் இல்லை. பச்சிளம் இதயம் கால்சியத்தைப் பெறும் வழியே வேறு.

இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியம் கூடினால் அது சுருங்கும், குறைந்தால் தளரும். ஓய்வில் இருக்கும்போது செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே சுமார் 10,000 மடங்கு கால்சியம் இருக்கிறது. பெரியவரின் இதயத்தில் மின்துடிப்பு வந்ததும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து அதில் ஒரு சிறு பங்கு உள்ளே வரும். சுருங்குவதற்கு அது போதாது. ஆனால் சார்கோபிளாஸ்மிக் வலை என்னும் உள்கிடங்கைத் திறக்க அது போதும். கிடங்கின் கதவான ரையனோடின் ஏற்பியை அது தொட்டவுடன், உள்ளே சேர்த்து வைத்திருந்த கால்சியம் கொட்டும். சுருங்கி முடிந்ததும் செர்கா என்ற பம்பு பெரும்பகுதியைக் கிடங்குக்கே திருப்பி அனுப்புகிறது. எலியில் இப்படித் திரும்புவது 90 சதவீதத்துக்கும் மேல். முயலில் சுமார் 70. மனிதர்கள் இதில் முயலின் பக்கம். மிச்சத்தை சோடியம்–கால்சியம் பரிமாற்றி செல்லுக்கு வெளியே தள்ளிவிடும்.

வளர்ந்த செல் 100 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளம், 20, 30 மைக்ரோமீட்டர் அகலம். அவ்வளவு பருமனான செல்லின் நடுவில் இருக்கும் கிடங்குக்கு மின்துடிப்பு எப்படிப் போய்ச் சேரும்? அதற்காகச் சவ்வே ஆங்காங்கே உள்நோக்கிக் குழிந்து நுண்குழாய்களாக இறங்குகிறது. இவற்றுக்கு டி-குழாய்கள் என்று பெயர். கிடங்குக் கதவுகளுக்கு எதிரிலேயே சவ்வு வாயில்கள் அமைந்துவிடுவதால், செல் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்குகிறது.

பிறந்த எலிக்குஞ்சிடமோ முயல்குட்டியிடமோ இந்தக் குழாய்கள் இல்லை. கிடங்கு இருக்கிறது, ஆனால் சிறிது, செர்காவும் குறைவு. குதிரில் நெல் இல்லாமல் அன்றாடம் கடையில் அரிசி வாங்கிச் சமைக்கும் குடும்பத்தைப் போல, ஒவ்வொரு துடிப்புக்கும் வேண்டிய கால்சியத்தைப் பெருமளவு வெளியிலிருந்தே வாங்கியாக வேண்டும். செல் ஒல்லியாக இருப்பதால்தான் இது நடக்கிறது. கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றிப் பார்த்தால், ஓரம் முதலில் மின்னி, நடுப்பகுதி சற்றுத் தாமதித்து மின்னுவது தெரியும். வந்ததை வெளியேற்றும் பரிமாற்றியோ இந்த வயதில் ஏராளம். வெராபமில் அடைப்பது அந்தச் சவ்வு வாயிலைத்தான். பெரியவருக்குக் கிடங்கு கைகொடுக்கும். குழந்தைக்கு அந்த ஆதாரம் மெலிந்தது. நிறைய இரத்தம் ஏற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பச்சிளங்குழந்தையின் இரத்தக் கால்சியத்தை மருத்துவர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள்.

வெளியிலிருக்கும் கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்பதை 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர் கண்டறிந்தது தவளை இதயத்தில். காய்ச்சி வடித்த நீரில் செய்த உப்புக்கரைசலில் துடிப்பு அடங்கியது. குழாய்த் தண்ணீரில் செய்த கரைசலில் தொடர்ந்தது, அந்தத் தண்ணீரில் கால்சியம் இருந்ததால். தவளையின் இதயச் செல்லிலும் டி-குழாய்கள் கிடையாது, கிடங்கும் அற்பம். இந்த ஒரு விஷயத்தில் பச்சிளம் பாலூட்டி தன் பெற்றோரைவிடத் தவளைக்கு நெருக்கம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

எலியில் பிறந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் எல்லாம் மாறிவிடும். செல்கள் பெருகுவதை நிறுத்திப் பருக்கத் தொடங்கும், குழாய்கள் இறங்கும், செர்கா கூடும், பரிமாற்றி குறையும். பிறப்பையொட்டி உயரும் தைராய்டு ஹார்மோனுக்கு இதில் பெரும் பங்கு. மனிதர்களில் இதற்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது. இதயம் செயலிழக்கும்போது பல செல்களில் இந்தப் பயணம் பாதியளவு திரும்பி நடக்கிறது: குழாய்கள் சிதைந்து, செர்கா தளர்கிறது.

தோல் அல்லது இரத்தச் செல்களைக் குருத்தணுக்களாக மாற்றி, அவற்றிலிருந்து மனித இதயச் செல்களை வளர்க்கும் ஆய்வகங்களுக்கு இது நாள்தோறும் வரும் தலைவலி. தட்டில் துடிக்கும் அந்தச் செல்கள் பிறவாக் குழந்தையின் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. தைராய்டு ஹார்மோனையும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் டி-குழாய்கள் முளைப்பதை 2017இல் ஒரு ஆய்வுக்குழு காட்டியது. அப்படிப் பக்குவப்படுத்தாத செல்லில் ஒரு புது மருந்தைச் சோதித்துத் துடிப்பு நலிந்தால், அறுபது வயதுக்காரரின் இதயமும் அப்படியே நலியும் என்று சொல்லிவிட முடியாது.