பாட்டனார் அணிந்த மணிக்கூடு: விற்பதா, வைத்திருப்பதா?

மாத்தளை மாவட்டத்து இல்லங்கள் சிலவற்றில், அலுமாரியின் அடித்தட்டிலே பாட்டனார் அணிந்த கைமணிக்கூடு உறங்கிக் கிடப்பதுண்டு. பழைய பொருள் வாங்குவோர் வாயிலில் வந்து நின்றால், “ஓடாத மணிக்கூடுதானே” என்று கிடைத்த விலைக்கு அதைக் கொடுத்துவிடுகின்றனர். கொடுக்குமுன் ஒரு கணம் அதனை உற்று நோக்குக. சாவி கொடுக்கும் திருகியின் மேலும் கீழுமாக இரு குமிழ்களும், முகப்பினுள் இரண்டு அல்லது மூன்று சிறு வட்டங்களும் காணப்படின், அது சாதாரண மணிக்கூடன்று. “குறோனோகிராப்” எனப்படும் கால அளவியாகும்.

கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குக் “காலத்தை எழுதுவது” என்பது பொருள். 1821ஆம் ஆண்டு, பரிஸ் நகரக் குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா ரியூசெக் என்பார் பயன்படுத்திய கருவி, குதிரை எல்லையை எட்டியதும் முகப்பிலே மைத்துளியை இட்டுக் காலத்தைக் குறித்தது. பெயர் அதனாற் பிறந்தது. எனினும், விண்மீன்களை ஆராய லூயி முவாநே 1816இலேயே இத்தகைய கருவியொன்றை அமைத்திருந்தார் என்பது 2013இல் வெளிப்பட்டது.

இதன் இயக்கம் எளியது. மேற்குமிழை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடும்; மீண்டும் அழுத்தினால் நிற்கும்; கீழ்க்குமிழை அழுத்தினால் தொடக்கத்துக்கு மீளும். சிலவற்றின் விளிம்பிலே வேகத்தைக் காட்டும் எண்களும் உள. மாணவர்கள் இதனை எளிதிற் சோதிக்கலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வழியில், ஒரு கிலோமீற்றர்க் கல்லிலிருந்து அடுத்த கல்வரை முள்ளை ஓடவிடுக. 50 செக்கன் சென்றால், 3600ஐ 50ஆல் வகுக்க 72 வரும். வண்டியின் வேகம் மணிக்கு 72 கிலோமீற்றர்! 1970 ஏப்ரிலில் அப்பொல்லோ 13 விண்கலம் பழுதுற்றபோது, 14 செக்கன் எந்திரத்தை இயக்கிப் பாதையைத் திருத்துவதற்கு வீரர்கள் இத்தகைய கைமணிக்கூட்டையே நம்பினர்.

2017இல் நியூயோர்க் ஏலமொன்றில், நடிகர் போல் நியூமன் அணிந்த றோலெக்ஸ் குறோனோகிராப் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. நம் வீட்டு மணிக்கூடும் அவ்வாறு விலைபோகும் என்று எண்ணிவிடலாகாது. அவ்விலை அதை அணிந்தவரின் புகழுக்கும் கிடைத்ததாகும். ஆயினும் உண்மையான பழம்பொருளுக்கு உரிய மதிப்பு என்றும் உண்டு.

அந்த மதிப்பைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது முகப்பே. ஆகவே விற்க எண்ணுவோர் முகப்பைக் கழுவவோ, புது வர்ணம் பூசவோ, கூட்டைத் தேய்த்து மினுக்கவோ கூடாது. அழகூட்டுவதாக எண்ணிச் செய்யும் வேலை விலையைக் குறைத்துவிடும். பொன் கூடாயின், பொன்னின் நிறையை மட்டும் கணக்கிட்டு விற்பதும் நட்டமாகலாம்.

வாங்குவோருக்கும் எச்சரிக்கை வேண்டும். பல மணிக்கூடுகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து, முகப்புக்கு வர்ணந்தீட்டி விற்கப்படுபவற்றைச் சேகரிப்போர் “மும்பாய்ச் சிறப்பு” என்று ஏளனமாக அழைப்பர். கூடு தேய்ந்திருக்க முகப்பு மட்டும் புதிதாய் மின்னினால் ஐயுறுக. எழுத்துக்கள் கோணலாயிருக்கின்றனவா, முள் தொடக்கப் புள்ளிக்குச் சரியாக மீள்கின்றதா, குமிழ்கள் உண்மையில் இயங்குகின்றனவா என்று பார்க்க. ஓடாத ஒன்றை வாங்கின், செப்பனிடும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

இன்னுமொன்று. பழைய மணிக்கூடுகள் பலவற்றில், இருளில் ஒளிர்வதற்காக றேடியம் பூசப்பட்டிருக்கும். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்குவதில்லை. றேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் செல்லும். ஆதலால் சிறுவர்கள் அதனைத் திறந்து சுரண்ட இடமளியாதீர். தேர்ந்த மணிக்கூட்டுத் திருத்துநரே மூடியைத் திறத்தல் நன்று. உள்ளே பொறித்த பெயரையும் இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்க. விற்கும்போது பற்றுச்சீட்டிலும் அவற்றைக் குறிப்பிடுக.

பிள்ளையின் படிப்புக்காகவோ, வீட்டின் தேவைக்காகவோ விற்பதிலே குற்றமில்லை. ஆனால் இருவரிடமேனும் மதிப்புக் கேளாமல், முதலில் வந்தவர் சொன்ன விலைக்கு இணங்காதீர். குடும்பத்தார் கூடிப் பேசியே முடிவு செய்க. விற்ற பணம் செலவாகிவிடும். விற்ற மணிக்கூடோ மீண்டு வருவது அரிது.