தண்டவாளத்தில் 7 அங்குலம் "அபேஸ்"!

பிரிட்டனில் பொம்மை ரயில் பிரியர்களுக்கு ஒரு பழைய புகார் உண்டு. தண்டவாளத்தில் 7 அங்குலத்தைக் காணோம்!

அங்கே அதிகம் விற்கும் ரகத்தில் ஒரு அடிக்கு 4 மி.மீ. கணக்கு. நிஜப் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அப்படியானால் பொம்மைப் பாதை 18.83 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் விற்பதோ 16.5 மி.மீ.தான்!

"திருட்டு" நடந்தது எப்படி?

அந்தக் கால மோட்டார், பிரிட்டிஷ் எஞ்சினின் சின்ன உடம்புக்குள் நுழையவில்லை. உடம்பைப் பெரிதாக்கினார்கள். பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பொறுக்க முடியாத சிலர் 1966-ல் "பி4" என்று சரியான அளவு கொண்டு வந்தார்கள். இதற்குப் பாதையைக் கையாலேயே போடுகிறவர்கள் உண்டு. ரேடியோ சர்க்யூட்டுக்கு உதவும் செம்புப் பூச்சுப் பலகையைத் துண்டு போட்டால் கட்டை ரெடி. மேலே தண்டவாளத்தை ஈயப்பற்று வைக்க வேண்டும்.

உஷார்! ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பை அரத்தால் ராவி அறுத்துவிட வேண்டும். ஒரே ஒரு கட்டையை மறந்தாலும் ஷார்ட் சர்க்யூட். ரயில் நகராது.

அடுத்த தலைவலி, எஞ்சின். கடை எஞ்சினின் சக்கரம் இந்தப் பாதைக்குச் சேராது. டீசல் என்றால் பெரும்பாலும் சக்கரத்தை மாற்றினால் போதும். நீராவி எஞ்சின்தான் வம்பு. இடது, வலது சக்கரங்கள் கால் சுற்று வித்தியாசத்தில், எல்லா அச்சிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். பிசகினால் நொண்டும்.

ஆகவே முதலில் எஞ்சினுக்குச் சக்கரம் தேடுங்கள். தண்டவாளம் அப்புறம்!