50 வயசுல டிரையத்லான்: பில் எப்போ வருது தெரியுமா?

உங்க ஆபீஸ்ல 48 வயசு மேனேஜர் ஒருத்தர் திடீர்னு விடியற்காலை சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சு, மதியம் சோத்தைக் குறைச்சு, "டிரையத்லான் போறேன்பா"ன்னு சொல்லிட்டு இருக்காரா? சிரிக்காதீங்க. இன்னும் இருபது வருஷத்துல அது நீங்களாவும் இருக்கலாம். அவர் செய்யற வேலையில உங்க சம்பளக் கணக்குக்கும் நிறைய விஷயம் இருக்கு.

ஆட்டம் இதுதான். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூணும் ஒரே மூச்சுல. ஈரத்தோட வந்து ஷூ மாட்டற நேரத்துலயும் கடிகாரம் ஓடிட்டேதான் இருக்கும். ஒலிம்பிக் தூரம்னா 1.5 கி.மீ. நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். 70.3-ன்னு சொல்ற பாதி அயர்ன்மேன்ல 1.9, 90, 21.1. முழுசுன்னா 3.8, 180, 42.2. 2019-ல் கோவாவுலயே 70.3 நடந்ததுக்கு அப்புறம், இதுக்குப் பாஸ்போர்ட் வேணும்ங்கிற நிலைமை மாறிடுச்சு.

இதுல வயசானவங்க எப்படிப் போட்டி போடறாங்க? 40-44, 45-49, 50-54-ன்னு அஞ்சு அஞ்சு வருஷமா பிரிச்சிருப்பாங்க. 52 வயசுக்காரர் 25 வயசுப் பையனை ஜெயிக்க வேண்டியதில்லை, தன் வயசுக்காரங்களோட மோதினா போதும். மிலிந்த் சோமன் 2015-ல் சூரிச் அயர்ன்மேனை முடிச்சப்போ அவருக்கு 49 வயசு. அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா புடெர் 2012-ல் கனடாவில் முழு அயர்ன்மேனை முடிச்சாங்க, 82 வயசுல! ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018-ல் ஹவாய் உலகப் போட்டியை முடிச்சப்போ அவருக்கு 85. அதே போட்டியில 2015-ல் அவர் நேரக் கெடுவைச் சில விநாடிகள்ல தவறவிட்டவர். முடிச்ச வருஷத்தைவிட, அந்த விநாடிகளுக்கு அப்புறம் மறுபடியும் பயிற்சிக்குப் போனாரு பாருங்க, எனக்கு அதுதான் பெரிசாத் தெரியுது.

ஆடிட்டர் பாஷையில சொன்னா, உடம்புக்கும் தேய்மானம் உண்டு. முப்பதுக்கு மேல நம்ம ஆக்சிஜன் திறன் பத்து வருஷத்துக்குச் சுமார் 10% குறையும்னு சொல்வாங்க. விடாம பயிற்சி பண்றவங்களுக்கு அந்தச் சரிவு நல்லாவே குறையும். வருமான வரியில தேய்மான ரேட்டை அரசாங்கம் தீர்மானிக்குது. இங்க ஓரளவுக்கு நீங்களே தீர்மானிக்கலாம்.

ஆனா ஒரு விஷயத்தை யாரும் சத்தமாப் பேசறதில்லை. அமெரிக்காவுல 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்கள்ல ஏற்பட்ட மரணங்களையும் இதயம் நின்னுபோன சம்பவங்களையும் ஆராய்ஞ்சிருக்காங்க. மொத்தம் 135. அதுல 90 நீச்சல்லயே நடந்திருக்கு. நாற்பது தாண்டின ஆண்களுக்கு ஆபத்து அதிகம். அதனால மேனேஜர் சார் சைக்கிள் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதய டாக்டரைப் பார்த்தாரான்னு கேளுங்க. பழைய வரி முறையில இருந்தா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் கழிவோட வரம்புக்குள்ளேயே செக்-அப் செலவு 5,000 ரூபாய் வரைக்கும் காட்டலாம். புது முறையில அது கிடையாது. ஆனா வரி கழியலைங்கிறதுக்காக யாராவது ஈசிஜி எடுக்காம இருப்பாங்களா?

இப்போ உங்க பாலிசியை எடுங்க. விலக்குகள் பட்டியல்ல 'சாகச விளையாட்டு'ன்னு ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துட்டு நிறைய பேர் பயந்துடறாங்க. முழுசா படிங்க: ஹெல்த் பாலிசிகள்ல இருக்கிற அந்தப் பொது வாசகம், அந்த மாதிரி விளையாட்டுல 'தொழில்முறை' வீரரா கலந்துக்கிறவங்களைத்தான் விலக்குது. சம்பளத்துக்கு ஆபீஸ் போயிட்டு ஞாயித்துக்கிழமை ஓடற அமெச்சூரை இல்லை. தனிநபர் விபத்து பாலிசியிலயும் பயண பாலிசியிலயும் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைத் தனியாப் படிக்கணும். டேர்ம் இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல ஆபத்தான பொழுதுபோக்கு பத்திக் கேட்டா உண்மையை எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, கிளெய்ம் நேரத்துல உங்க மனைவியோ அம்மாவோ அதுக்குப் பதில் சொல்லிட்டு நிக்கக் கூடாது.

'கம்பெனி குரூப் பாலிசி இருக்கே'ன்னு சொல்றவங்களுக்கு: வேலை போற அன்னைக்கு அதுவும் போயிடும். ஐம்பது வயசுல சர்க்கரை, பிரஷரோட புதுசா பாலிசி கேட்டா, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். இருபத்தஞ்சுல வாங்கினவர் அந்தக் காத்திருப்பை எப்பவோ முடிச்சிருப்பார். 50 வயசு டிரையத்லானோட பில் இப்போ வருதுன்னு நான் சொல்றது இதைத்தான்.

சைக்கிளுக்கு வருவோம். கார்பன் ஃபிரேம் ரோடு பைக் இரண்டு லட்சத்தைச் சுலபமாத் தாண்டும். மாசம் 4,200 ரூபாய் ஆர்.டி. போட்டா, 7% வட்டியில அஞ்சு வருஷத்துல வரிக்கு முன்னாடி சுமார் 3 லட்சம். அதுவரைக்கும் செகண்ட் ஹேண்ட் அலுமினிய பைக்ல ஓட்டுங்க. முதல் ரேஸோட ஆர்வம் போனவங்க விக்கற வண்டி எப்பவும் சந்தையில இருக்கும், அதுவும் பாதி புதுசா! கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. மட்டும் வேண்டாம். வெளிநாட்டு ரேஸுக்குக் கார்டுல கட்டினா, நிறைய கார்டுகள்ல 3.5% வரை ஃபாரெக்ஸ் மார்க்-அப்பும், அது மேல ஜி.எஸ்.டி.யும் வரும். பணம் கட்டறதுக்கு முன்னாடி ரீஃபண்ட் விதியையும் படிச்சுடுங்க, ஏன்னா முழங்கால் வலி உங்க காலண்டரைப் பார்த்து வராது.