முதலில் சத்தம், பிறகுதான் டி.வி.! திருவல்லிக்கேணி காபி கடை "கேலரி"

சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால், அது டி.வி.க்கு முன்னால் திருவல்லிக்கேணி காபி கடைக்குத் தெரிந்து விடும்!

இது கதை அல்ல, கணக்கு. ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 340 மீட்டர் பாயும். மைதானத்தில் இருந்து பாரதி சாலை (பழைய பைகிராப்ட்ஸ் ரோடு) கூப்பிடு தூரம்தான். ரசிகர்கள் போடும் கூச்சல் 2, 3 விநாடியில் வந்து விடும். டி.வி. படமோ ஆகாயத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வரை போய்த் திரும்ப வேண்டும். எல்லாம் முடிந்து படம் திரைக்கு வரப் பல விநாடி ஆகும். செல்போனில் பார்ப்பவர்களுக்கு இன்னும் தாமதம்.

ஆகவே காபி கடை டி.வி.யில் பவுலர் இன்னும் ஓடி வந்து கொண்டுதான் இருப்பார். அதற்குள் வெளியே "ஓ...!" என்று கிளம்பும். "போச்சு சார், அவுட்டு" என்பார் காபி ஆற்றுகிறவர். டம்ளரை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நிறுத்தி விட்டு டி.வி.யைப் பார்ப்பார். சொன்ன மாதிரியே ஸ்டம்பு பறக்கும்.

சத்தத்தின் ரகங்கள்

பழகிய காதுக்கு சத்தத்திலேயே ஸ்கோர் தெரியும். நம்ம ஆள் சிக்சர் அடித்தால் சத்தம் நீளமாக வரும். விசிலும் சேர்ந்து கொள்ளும். எதிரணி விக்கெட் என்றால் பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி சட்டென்று கிளம்பும். நம்ம ஆள் அவுட் என்றால் சத்தமே இருக்காது. திடீரென்று தெருவில் ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்கும். "என்னப்பா, ஒரே அமைதியா இருக்கு?" என்று கேட்டால் விஷயம் விபரீதம் என்று அர்த்தம்.

இந்தக் கணக்கைக் குழப்பியவர் டோனி ஒருவர்தான். அவர் அடுத்து இறங்குவார் என்றால், களத்தில் இருக்கும் சென்னை ஆட்டக்காரர் அவுட் ஆனாலும் கேலரி வானைப் பிளக்கும். "நான் அவுட் ஆக வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்" என்ற பொருளில் ஜடேஜாவே 2023-ம் ஆண்டு பரிசளிப்பின்போது சிரித்துக் கொண்டே சொன்னார். அந்தச் சத்தத்தை எதிரணி விக்கெட் என்று நினைத்து ஏமாந்த காபி கடைக்காரர்கள் உண்டு.

இப்படி வாசலில் நின்று சத்தம் கேட்கிறவர்கள் யார்? மேன்ஷன்களில் தங்கி வேலைக்குப் போகும் பையன்கள், சாலையோரக் கடைக்காரர்கள், எழிலகத்தில் வேலை முடிந்து பறக்கும் ரெயிலைப் பிடிக்கப் போகும் குமாஸ்தாக்கள். மைதானத்தின் சுவரைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள். ஆனால் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு உள்ளே போகாதவர்கள்.

ரூ.1,700

2025-ம் ஆண்டு ஐ.பி.எல். போட்டிக்கு சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட் விலை ரூ.1,700. அதிகபட்சம் ரூ.7,500. மனைவி, 2 பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் போனால் குறைந்த டிக்கெட்டே ரூ.6,800 ஆகிறது. மேன்ஷனில் அறையைப் பங்கு போட்டுக் கொண்டு இருக்கும் பையனுக்கு அது கட்டுப்படியாகிற காரியமா?

பணம் மட்டும் காரணம் இல்லை. 2023-ம் ஆண்டு வரை பெல்ஸ் ரோடு பக்கம் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுத்தார்கள். முந்தின ராத்திரியே போய் நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்தால் காலையில் டிக்கெட் கிடைக்கலாம். போலீஸ் தடியடிக்குத் தப்ப வேண்டும், அது தனி. 2024-ம் ஆண்டு முதல் எல்லாம் ஆன்லைன். விற்பனை தொடங்கியதும் பட்டனை அழுத்தினால், "உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் காத்திருக்கிறார்கள்" என்கிற தினுசில் பதில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் "விற்றுத் தீர்ந்து விட்டது" என்கிறது. ஆட்டத்தன்று அதே டிக்கெட் மைதானத்துக்கு வெளியே பல மடங்கு விலைக்குக் கிசுகிசுப்பாக வருகிறது. போலீசார் பிடிக்கிறார்கள், அடுத்த ஆட்டத்துக்கும் பிடிக்கிறார்கள்.

"வரிசையில் நின்றால் முகம் தெரியும் சார். யார் முன்னால, யார் பின்னால என்று கண்ணால பார்க்கலாம். இதில் யாரைப் போய்க் கேட்கிறது?" காபி கடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இத்தனைக்கும் மைதானத்தின் ஐ, ஜே, கே கேலரிகள் கட்டிட அனுமதித் தகராறில் 2012-ம் ஆண்டு தொடங்கி பல வருடம் பூட்டிக் கிடந்தன. சுமார் 12 ஆயிரம் இருக்கைகள் காற்று வாங்கின. அவை திறந்த பிறகும் வாசலில் நிற்கிறவருக்கு இடம் வந்து விடவில்லை.

வயிறு முதலில்

மைதானத்துக்குள் வெளிச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில் எதுவும் கொண்டு போக முடியாது. அந்தக் காலப் பொங்கல் டெஸ்டுக்குப் புளியோதரைப் பொட்டலம், தயிர் சாதத் தூக்கு, டிரான்சிஸ்டர் ரேடியோ சகிதம் போனவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும். ஆட்டம் பாட்டுக்கு நடக்கும். காதில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை ஓடும். கை பொட்டலத்தைப் பிரிக்கும்.

இப்போது இரவு 7.30 மணிக்கு ஆட்டம் என்றால் மாலை 4 மணியில் இருந்தே மஞ்சள் சட்டைகள் திருவல்லிக்கேணியில் இறங்கி விடுகின்றன. வயிற்றை ரொப்பிக் கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

ரத்னா கபே வாசலில் கூட்டம் நெரியும். 1948-ம் ஆண்டு வட நாட்டு மதுராவில் இருந்து வந்தவர் தொடங்கிய ஓட்டல் அது. ஆனால் அந்த சாம்பாரைத் தமிழ்நாட்டு சாம்பார் இல்லை என்று சொன்னால் திருவல்லிக்கேணியில் உதை விழும்! இட்லி சாம்பாரில் மிதக்காது, மூழ்கும். தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள். மீன் வறுவல் வேண்டும் என்பவர்கள் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில், 1961-ம் ஆண்டு முதல் இருக்கும் நாயர் மெஸ்சைத் தேடிப் போகிறார்கள். பிற்பகல் ஆட்டம் என்றால் அங்கே இலை போட இடம் இருக்காது. அக்பர் சாயபு தெரு காசி விநாயகா மெஸ்சில் டோக்கன் வாங்கிக் கொண்டு காத்திருக்க வேண்டும். அங்கே காத்திருக்கிற நேரத்தில் பாதி அணியைத் தேர்வு செய்து முடித்து விடுகிறார்கள்.

பெரிய மசூதிப் பக்கம் போனால் டீ, சமோசா. பார்த்தசாரதி கோவில் பக்கம் வந்தால் டபரா-டம்ளரில் காபி. குடிப்பது வேறு வேறு. திட்டுவது ஒரே கேப்டனைத்தான்.

காபியிலும் கட்சி உண்டு. சிக்கரி கலந்தால் காபியே இல்லை என்பது ஒரு கட்சி. கொஞ்சம் சிக்கரி இருந்தால்தான் டிகாக்ஷன் கெட்டியாக நிற்கும் என்பது மறு கட்சி. சட்டப்படி கலப்பில் சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பாக்கெட்டில் அளவு அச்சடித்திருக்க வேண்டும். படித்துப் பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்? நம்மைக் கேட்டால், 20 சதவீதம் வரை மன்னிக்கலாம். பாலில் தண்ணீர் கலப்பதைத்தான் மன்னிக்க முடியாது.

டீக்கடை, சலூன்களில் "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் பேசாதே என்று போர்டு மாட்டிய கடை ஒன்றைக் கூட நாம் பார்க்கவில்லை. மாட்டினால் வியாபாரம் என்னாவது?

கைதட்டிய கேலரி

பெரியவர்கள் ஆரம்பித்தால் 1952-ல் இருந்து வருவார்கள். இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இந்த மைதானத்தில்தான். இங்கிலாந்தை வீழ்த்திய அந்த ஆட்டத்தில் வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். பிறகு 1986-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி. கடைசி ஓவரின் 5-வது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம் "டை". அது அவுட்டா, இல்லையா என்ற வழக்கில் காபி கடை இன்று வரை தீர்ப்பு சொல்லவில்லை.

ஆனால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கொண்டு சொல்வது 1999-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதியை. முதுகு வலியோடு 136 ரன் அடித்தார் தெண்டுல்கர். அவர் அவுட் ஆனதும் மற்றவர்கள் மளமளவென்று சரிந்தார்கள். பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. கேலரி ஒரு நிமிடம் உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலோடு மைதானத்தை வலம் வந்தார்கள்.

"இப்ப அப்படித் தட்டுவானா?" என்று பெரியவர் கேட்பார். "எதுக்கு தாத்தா தட்டணும்? நம்ம டீம் தோத்தா எவனாவது தட்டுவானா?" என்பான் மஞ்சள் சட்டைப் பையன். இந்த வாக்குவாதம்தான் காபி கடையில் உண்மையான ஆட்டம். ஆட்டத்தை நேசிப்பதா, அணியை நேசிப்பதா? அல்லது அணியில் உள்ள ஒரே ஒருவரையா?

பையன்களுக்கும் பேச நியாயம் இருக்கிறது. 2018-ம் ஆண்டு காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. அப்போது சென்ட்ரலில் இருந்து ரெயில் நிறைய ரசிகர்கள் புனேவுக்கே புறப்பட்டுப் போனார்கள். 2023-ம் ஆண்டு இறுதி ஆட்டம் மழையால் இழுத்துக் கொண்டு போய், மே 30-ந்தேதி அதிகாலை 1.30 மணிக்கு மேல்தான் முடிந்தது. கடைசி 2 பந்தில் ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. ஆட்டம் நடந்தது ஆமதாபாத்தில். சத்தம் கேட்டது திருவல்லிக்கேணி மேன்ஷன் மாடிகளில்!

அடுத்து வந்தது 2025. மார்ச் 28-ந்தேதி பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் ஜெயித்தது. இங்கே அவர்கள் அதற்கு முன் ஜெயித்தது 2008-ம் ஆண்டு. 5 முறை கோப்பை வாங்கிய சென்னை அணி அந்த ஆண்டு கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கு முன் ஒரு முறை கூட அப்படி ஆனதில்லை. ஆனாலும் மஞ்சள் சட்டை குறையவில்லை. இதை விசுவாசம் என்று பையன்கள் சொல்கிறார்கள். "ரூ.1,700 கொடுத்து விட்டு விசில் அடிக்காமல் வர மனசு வருமா?" என்று கடைக்காரர் சொல்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

இலவச ஆட்டம்

நமக்கு ஒரு குறை. டிக்கெட் விலையைத் திட்டுகிற இதே வாய்கள், அதே சேப்பாக்கத்தில் தமிழ்நாடு அணி ரஞ்சி கோப்பை ஆட்டம் ஆடும்போது எங்கே போகின்றன? பெரும்பாலும் கட்டணம் கிடையாது. நேராக உள்ளே போய் உட்காரலாம். காக்காய்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாடு ரஞ்சி கோப்பையை வாங்கியது 2 முறைதான் - 1954-55, 1987-88. அதற்குப் பிறகு வாங்கவில்லை என்கிற வருத்தம் கூட கடையில் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்பும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பும் மோதினால் இரு பேட்டையும் இரண்டு பட்டுப் போகும். பந்து போடுகிறவர் அடுத்த தெருக்காரராக இருப்பார். மறுநாள் காபி கடையில் அவரையே நிற்க வைத்து "ஏன்யா அந்த கேட்சை விட்டே?" என்று கேட்கலாம். இன்று ஏலத்தில் வந்த ஆட்டக்காரரை அப்படி யார் கேட்பது? அவர் பஸ் கண்ணாடியில் திரை போட்டுக் கொண்டு போகிறார்.

கடைக்காரர்கள் நிலை

ஆட்ட நாளில் எல்லாக் கடைக்கும் கொண்டாட்டம் என்று நினைத்து விடக் கூடாது. போக்குவரத்து மாற்றம் என்றால் ஜவுளிக் கடை, பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கு அன்று போணியே கஷ்டம். சந்துகளில் மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்தி விடுகிறார்கள். வீட்டுக்காரர் தன் வண்டியை எடுக்க முடியாது. நடைபாதையில் மஞ்சள் பனியன், விசில், கொடி விற்கிறவர்களுக்கும், முகத்தில் சாயம் பூசுகிறவர்களுக்கும்தான் கை நிறையக் காசு. அவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு நிறப் பனியன் விற்பார்கள்.

காபி கடைக்கு லாப நஷ்டம் கடைசி ஓவரில் தெரியும். சென்னை ஜெயித்தால் கூட்டம் உடனே வீடு போகாது. ஒவ்வொரு பந்தாகப் பேச வேண்டும் அல்லவா? தோற்றால் தலையைக் குனிந்து கொண்டு நேராக பறக்கும் ரெயிலுக்குப் போய் விடும். அதனால் 17-வது ஓவர் நடக்கும்போதே கடைக்காரர் வாசலுக்கு வந்து காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் பலமாக இருந்தால் உள்ளே திரும்பி, "இன்னொரு பாக்கெட் பால் பிரிடா" என்பார். இல்லாவிட்டால் பில்டரைக் கழுவச் சொல்லி விடுவார்.