பதினாறு ஏற்றங்கள்

டெக்சாஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2001-ஆம் ஆண்டின் ஷெவர்லே கமாரோ ஒன்றைப் பழையதாக வாங்கி, வார இறுதிகளில் தானே கழற்றி மாட்டுகிறார். 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின், எட்டு சிலிண்டர். கொஞ்சம் முரட்டுத்தனமான கேம் ஷாஃப்ட் போட்டாயிற்று; வால்வு ஸ்பிரிங்குகளும் வந்துவிட்டன. மிச்சமிருப்பது ராக்கர் ஆர்ம். சிவப்புச் சாயம் ஏற்றிய அலுமினிய ரோலர் ராக்கர் செட் ஒன்றின் மேல் கண். ஆனால் கையிருப்பு பாதிதான் தேறுகிறது. “கம்பெனி ராக்கரையே வைத்துக்கொண்டால் நஷ்டமா?” என்று கேட்கிறார்.

நஷ்டமில்லை. அவர் சொல்லும் எஞ்சினில் அது லாபமாகவே முடிய வாய்ப்பு அதிகம். அதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

நாலு ஸ்ட்ரோக்கும் கேமும் வால்வும் பள்ளியிலேயே பார்த்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். நேராக வால்வு கவரைக் கழற்றுவோம். உள்ளே பதினாறு சிறு நெம்புகோல்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையைக் கீழிருந்து புஷ்ராடு தள்ளுகிறது. மறுமுனை வால்வை அமுக்குகிறது. நடுவில் ஓர் அச்சு. வால்வுப் பக்கக் கை நீளம், புஷ்ராடு பக்கக் கை குட்டை. எல்எஸ்1-இல் இந்த விகிதம் 1.7. கேம் 8 மில்லிமீட்டர் தூக்கினால் வால்வு 13.6 மில்லிமீட்டர் இறங்கும்.

கிணற்றடி ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. துலாக்காலின் மேல் துலா மரம். நீண்ட முனையில் சால், குட்டை முனையில் கல். மேலே ஏறி நடப்பவர் இரண்டடி நகர, சால் ஓர் ஆள் ஆழம் இறங்கும். ராக்கரில் நடப்பவர் கேம், சால் வால்வு, துலாக்கால் நடு அச்சு. ஆனால் இந்த ஏற்றம் 6000 சுற்று வேகத்தில் நொடிக்கு 50 சால் இறைக்கிறது. ஒவ்வொரு முறையும் வால்வு இறங்கி ஏறி மூடுவதற்குக் கிடைப்பது ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்.

இந்த வேகத்தில் எடை என்பது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தன் மதிப்பையே மாற்றிக்கொள்கிறது.

ஏற்றத்தின் சாலில் ஒரு கிலோ கூடினால் நடப்பவருக்கு முழங்கால் வலிக்கும். அதே ஒரு கிலோவை அவர் மடியில் கட்டிக்கொண்டால் பெரிதாகத் தெரியாது. ராக்கரிலும் அப்படித்தான். புஷ்ராடு பக்கம் இருக்கும் பொருள், வால்வு நகரும் தூரத்தில் 1.7-இல் ஒரு பங்குதான் நகர்கிறது. ஆகவே அதன் வேகமாற்றமும் அந்த அளவுக்குக் குறைவு. அந்த எடையின் முரண்டு வால்வு முனைக்கு நெம்புகோல் வழியாக வந்து சேரும்போது இன்னொரு முறை 1.7-ஆல் வகுபடுகிறது. இரண்டு முறை வகுத்தால் 2.89. அதாவது புஷ்ராடு பக்கத்து 100 கிராம், வால்வு முனையில் வைத்த வெறும் 35 கிராமுக்குச் சமம். நெம்புகோலில் விசை ஒருமுறை மாறும் என்று படித்தோம். எடை இருமுறை மாறும் என்று எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. முதன்முதலாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாளில் வெகுநேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது ஏன் முக்கியம்? வால்வைத் திறப்பது கேம். ஆனால் பாதி வழியில் அதன் ஓட்டத்தை அடக்கி, திருப்பி, மூடவைப்பது ஸ்பிரிங். சால் கனத்துவிட்டால் ஸ்பிரிங்கால் பிடிக்க முடியாது. கேமின் முகட்டைத் தாண்டியபின் வால்வு தன் போக்கில் பறக்கும். பிறகு இருக்கையில் வந்து அறையும். பிஸ்டனைத் தொட்டுவிட்டால் எஞ்சினே போயிற்று. இதைத் தடுக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்கலாம். அதற்கு வேறொரு இடத்தில் விலை கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அந்தச் சிவப்பு ராக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலுமினியம் என்றதும் லேசு என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சரி. ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். எஃகு அளவுக்கு வளையாமல் நிற்க உடம்பைப் பருக்கவைக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, வால்வின் தலைக்கு நேர் மேலே, துலாவின் கடைசி முனையில், ஓர் எஃகு உருளையும் அதற்கொரு எஃகு அச்சும். எடை இருக்கவே கூடாத இடம் அது. கம்பெனியின் எல்எஸ் ராக்கர் வார்ப்பு எஃகு, பார்வைக்கு எளிமையானது. ஆனால் அதன் வால்வு முனை ஒல்லியாக இழைக்கப்பட்டிருக்கிறது, உருளை இல்லை. தராசில் மொத்த எடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அழகு தெரியாது.

இன்னொன்றும் உண்டு. எஃகு, ஓர் அளவுக்குக் கீழே அழுத்தம் இருந்தால், எத்தனை கோடி முறை வளைத்தாலும் சோராது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு அழுத்தமும் அதன் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நிதானமாக 2000 சுற்றில் ஓட்டினாலும் ராக்கர் மணிக்கு 60,000 முறை ஆடுகிறது. ஆயிரம் மணி நேரத்தில் 6 கோடி. பந்தயத்துக்கு மட்டும் போகும் வண்டியில் ராக்கரைக் காலக்கெடு வைத்து மாற்றிவிடுவார்கள். தினம் அலுவலகத்துக்குப் போகிற வண்டியில் யார் அப்படிக் கணக்கு வைக்கிறார்கள்?

அப்படியானால் ‘ரோலர் போடு, குதிரைத்திறன் கூடும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வரலாறு கொஞ்சம் சொல்லியாகவேண்டும். 1955-இல் ஷெவர்லே தன் சிறிய வி8-ஐ, 4.3 லிட்டரில், கொண்டுவந்தபோது ராக்கரைத் தகட்டில் அச்சு வெட்டி அழுத்திச் செய்தது; நடுவில் ஒரு போல்ட்டு, அதன்மேல் அரைக்கோளக் குமிழ். பான்டியாக் பொறியாளர் கிளேட்டன் லீச்சின் யோசனை அது. பான்டியாக்கும் அதே ஆண்டு அதையே போட்டது. மலிவு, லேசு. ஆனால் குமிழின் மேல் தகடு தேய்ந்துகொண்டே ஆடும். கடினமான ஸ்பிரிங் போட்டால் சூடேறிக் கருகும். 1.5 என்று பெயர் பெற்ற விகிதம், அளந்து பார்த்தால், பல ராக்கர்களில் அதை எட்டுவதில்லை. அந்த எஞ்சினுக்கு நல்ல ரோலர் ராக்கர் போட்டவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை. 1997 கொர்வெட்டோடு எல்எஸ்1 வந்தபோது கம்பெனியே நடு அச்சில் ஊசி பேரிங் வைத்துவிட்டது, விகிதத்தை 1.7 ஆக்கியும்விட்டது. எஞ்சின் மாறிவிட்டது, அறிவுரை மட்டும் பழைய எஞ்சினுடையதாகவே தங்கிவிட்டது. பெட்டியின் மேல் அச்சடித்த குதிரைத்திறன் எந்த எஞ்சினில், எந்த ராக்கருக்குப் பதிலாகப் போட்டு அளந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

விகிதத்தை 1.8 ஆக்கச் சொல்பவர்களும் உண்டு. 8 மில்லிமீட்டர் கேமுக்கு 13.6 என்பது 14.4 ஆகும். ஆனால் வால்வின் வேகமும் முடுக்கமும் கூடவே ஆறு விழுக்காடு ஏறும். ஸ்பிரிங்குக்கு அத்தனையும் பாரம். 2006 கொர்வெட் இசட்06-இன் 7 லிட்டர் எல்எஸ்7-இல் கம்பெனியே 1.8 வைத்தது. ஆனால் அதே எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வுகளை டைட்டானியத்தில் செய்தது. துலாவை நீட்டியவர்கள் சாலை லேசாக்கினார்கள். விகிதத்தை மட்டும் நகலெடுத்துவிட்டு டைட்டானியத்தை மறப்பது பாதிப் பாடம். அப்படியும் மாற்றுவதாக இருந்தால் பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, பிறகு அந்தக் களிமண்ணை வெட்டி அதன் தடிமனைப் பாருங்கள். உள்வால்வுக்கு 2 மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு 2.5 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

இனி, கடினமான ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் விலை. துலாவின் பாரத்தையெல்லாம் தாங்குவது துலாக்கால். வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் 100 கிலோ எடையளவு எதிர்த்துத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். புஷ்ராடு 170 தள்ளவேண்டும். நடு அச்சின் மேல் விழுவது இரண்டும் சேர்ந்து 270. ஸ்பிரிங்கை 160 ஆக்கினால் அச்சின் பங்கு 432. நீங்கள் கூட்டியது 60. அச்சு சுமப்பது 162 கூடுதல்.

கம்பெனி ராக்கரின் பலவீனமும் அங்கேதான். ஊசி பேரிங் முழுச்சுற்றுச் சுற்றுவதற்குப் பிறந்தது. சுற்றும்போதுதான் ஒவ்வொரு ஊசியும் முறைவைத்துப் பாரம் தாங்கும், புது எண்ணெய் வாங்கிக்கொள்ளும். ராக்கரோ இருபது பாகைக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது. கீழே அகப்பட்ட அதே சில ஊசிகள் அதே இடத்தைக் கோடி முறை அரைக்கின்றன, பள்ளம் விழுகிறது. பெரிய கேமும் கடின ஸ்பிரிங்கும் சேர்ந்தால் ஊசிகள் உறையை விட்டு நழுவி எண்ணெயோடு எஞ்சினுக்குள் இறங்குவது எல்எஸ் மெக்கானிக்குகள் நன்கு அறிந்த நோய்.

மருந்தும் மலிவு. பழைய அச்சையும் பேரிங்கையும் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துவிட்டு, ஊசிகள் வெளியேற முடியாதபடி அடைத்த பேரிங்கோ வெண்கல புஷ்ஷோ கொண்ட செட்டை அதே ராக்கரில் ஏற்றலாம். முழு ரோலர் செட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். நான் வெண்கலத்தின் பக்கம். அது பாரத்தை நாலு கோடுகளில் வாங்காமல் அகலமான பரப்பில் வாங்குகிறது. உதிர்வதற்கு அதில் ஊசியே இல்லை. எண்ணெய் மட்டும் ஒழுங்காக வரவேண்டும். ஒல்லியான வால்வு முனை அப்படியே இருக்கும், துலாக்கால் மட்டும் பலமாகும்.

மிச்சப் பணத்தைச் சுவர் தடித்த புஷ்ராடுகளில் போடுங்கள். மெல்லிய புஷ்ராடு பாரத்தில் வில்லாக வளைந்து, நிமிரும்போது வால்வை அம்புபோல் எறியும். தடித்தால் எடை கூடுமே என்று பயம் வேண்டாம். அந்தப் பக்கத்து எடைதான் 2.89-ஆல் வகுபடுகிறதே. விறைப்பு முழுதாகக் கிடைக்கும், எடை மூன்றில் ஒரு பங்குதான் உறுத்தும்.

கடைசியாக ஒரு சோதனை. செலவு ஒரு மார்க்கர் பேனா. சால் கிணற்றுச் சுவரில் உரசாமல் ஏறவேண்டும். ராக்கரின் முனை வட்டத்தில் போகிறது, வால்வு நேர்கோட்டில் போகிறது. ஆகவே முனை வால்வுத் தலையின் மேல் கொஞ்சம் துடைத்தபடியேதான் நகரும். துடைப்பு அதிகமானால் வால்வு பக்கவாட்டில் தள்ளுண்டு அதன் வழித்துளை தேயும். வால்வுத் தலையில் மை பூசி, ராக்கரை மாட்டி, எஞ்சினைக் கையால் சில சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். மை அழிந்த பட்டை ஒல்லியாக, நடுவை ஒட்டி இருந்தால் சரி. அகலமாக, ஓரம் சாய்ந்திருந்தால் அச்சின் உயரம் தப்பு. பழைய 1955 வகை எஞ்சினில் அதைப் புஷ்ராடு நீளத்தை மாற்றியே சரிசெய்துவிடலாம். உங்கள் எஞ்சினில் அச்சு பீடத்தில் உட்கார்ந்திருக்கிறது; பீடத்துக்கடியில் ஷிம் வைக்கவேண்டும், அதன்பிறகுதான் புஷ்ராடு நீளத்தை அளக்கவேண்டும். வரிசை மாறினால் வாங்கிய புஷ்ராடு வீணாகும். பதினாறிலும் செய்யுங்கள். பட்டை எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். ஷிம் எவ்வளவு என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.